இர்ரெகுலர் வெர்ப், டைம் பிரிபொசிஷன்: எந்த வரிசையில் படிப்பது?

கயல்_77:
கையில் இருப்பது ஏ முதல் இசட் வரை போகிற இர்ரெகுலர் வெர்ப் (இறந்தகாலத்துக்கு வழக்கமான 'எட்' சேராத வினைச்சொல்) பட்டியல். நாலு வரி படித்தாலே குழம்புகிறது. பேசும்போது 'டிட் யூ வென்ட்' என்றுதான் வருகிறது. நேரம் சொல்ல முன்னால் போடும் பிரிபொசிஷன்களான அட், ஆன், இன் மூன்றிலும் இதே தகராறு. வழி சொல்லுங்கள்.

வகுப்பறை:
அந்தப் பட்டியலை ஓரமா வைங்க. ஓசைப்படி பிரிச்சாத்தான் நாக்கில் நிற்கும்.

கட், புட், ஹிட், காஸ்ட், ஹர்ட் எல்லாம் மூணு வடிவத்திலும் (மூல வடிவம், இறந்தகாலம், 'ஹேவ்' கூட வருவது) மாறாது. 'காஸ்டட் 500 ருபீஸ்' தப்பு, 'காஸ்ட்'தான். 'ஹீ கட்ஸ்' நிகழ்காலம். எஸ் இல்லாம 'ஹீ கட்' வந்தா அது இறந்தகாலம்.

அடுத்து சிங்–சேங்–சங், ரிங்–ரேங்–ரங், ட்ரிங்க்–ட்ரேங்க்–ட்ரங்க். இதே ஓசைன்னு நம்பி 'பிரிங்'குக்கு 'பிரேங்' போட்டுடாதீங்க. அது பை–பாட், திங்க்–தாட், டீச்–டாட் கூட்டத்தில் சேர்ந்தது: பிராட்.

ஃபால்–ஃபெல், ஃபீல்–ஃபெல்ட் இரண்டையும் அடுத்தடுத்து படிக்காதீங்க, ஒட்டிக்கும். ரீட் எழுத்தில் மாறாது, உச்சரிப்பு மட்டும் 'ரெட்'.

டிட் வந்தாச்சுன்னா இறந்தகாலத்தை அதுவே காட்டிடுது. பின்னாடி மூல வடிவம் போதும்: 'டிட் யூ கோ', 'ஐ டிடின்ட் ஸீ'.

நெல்லைத்தமிழ்:
கடிகார நேரத்துக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதம் வருஷத்துக்கு இன். இது எல்லாருக்கும் தெரியும். இடறுவது வேற இடத்தில். 'இன் த மார்னிங்' சரி. கிழமை சேர்ந்ததும் 'ஆன் மண்டே மார்னிங்'. இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி வந்தா முன்னாடி எதுவுமே வேண்டாம். 'ஆன் லாஸ்ட் மண்டே' தப்பு.

நம்மாட்கள் அதிகம் விழுவது 'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி'யில்தான். 'பிஃபோர் டூ இயர்ஸ்' இல்ல, 'டூ இயர்ஸ் அகோ'. அகோவோட இறந்தகால வடிவம்தான் சேரும்: 'ஐ ஸா ஹிம் டூ டேஸ் அகோ'. 'ஹேவ் ஸீன்' போடக்கூடாது. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பதும் தப்பு. தொடங்கின புள்ளிக்கு சின்ஸ் (சின்ஸ் 2019), கால அளவுக்கு ஃபார் (ஃபார் ஃபைவ் இயர்ஸ்).

என்னைக் கேட்டா வெர்ப், பிரிபொசிஷன் ரெண்டையும் தனித்தனியா படிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வெர்பையும் ஒரு நேரத்தோட சேர்த்துச் சொல்லிப் பாருங்க: 'ஐ பாட் இட் ஆன் ஃப்ரைடே', 'தே கேம் அட் சிக்ஸ்', 'ஷீ லெஃப்ட் இன் ஜூன்'. அப்புறம் அதே வாக்கியத்தை டிட் போட்டுக் கேள்வியாக்குங்க. பாட் திரும்ப பை ஆகுதான்னு கவனிங்க.

கயல்_77:
நன்றி. நேரம் சொல்லும் பை (by), அன்டில்? ஆன் டைம், இன் டைம்?

வகுப்பறை:
'அஞ்சு மணிக்குள்ள கொடு'ன்னா பை, 'அஞ்சு மணி வரைக்கும் இரு'ன்னா அன்டில். பத்து மணி ரயில் பத்துக்கே கிளம்பினா அது ஆன் டைம். நீங்க 9.50க்கே பிளாட்பாரத்தில் நின்னா, இன் டைம்.