மாஸ்டோடனில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்: தமிழில் பறவைப் பதிவுகளை எப்படித் தொடங்குவது?

நெல்லைப் பறவைநோக்கர் (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கூந்தன்குளத்துக்கும் சுற்றியுள்ள பாசனக் குளங்களுக்கும் வந்து போகும் பறவைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துக் குறிப்பெழுதி வருகிறேன். வர்ண நாரைகள் கூடு கட்டும் காலம், வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் காலம், மழை பொய்த்த ஆண்டுகளில் எந்தப் பறவை எந்தக் குளத்துக்கு இடம் மாறுகிறது என்பவற்றையெல்லாம் படங்களோடு தமிழில் எழுதிவைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன். விளம்பரம் இல்லாத, எழுதிய வரிசையிலேயே பதிவுகளைக் காட்டும் சமூக ஊடகத் தளம் என்று கேள்விப்பட்டு மாஸ்டோடனில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன்.

என் ஐயங்கள் இரண்டு. முகப்புப் பக்கம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது. நான் இட்ட படங்களையும் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. புதியவர் ஒருவர் இங்கே தம் துறை சார்ந்தவர்களைக் கண்டடைவது எவ்வாறு? அடுத்து, கணக்குத் தொடங்கும்போது, தனித்தனியாக நடத்தப்படும் பல சர்வர்களில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நானும் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு எவ்வளவு முக்கியமானது? பின்னர் மாற்றிக்கொள்ள முடியுமா?

பனைநிழல்

வணக்கம் ஐயா. குளங்களைப் பற்றிய நெடுங்காலக் குறிப்புகள் தமிழில் பொதுவெளிக்கு வருவது மிகவும் தேவையான ஒன்று. ஆகவே இந்தத் தொடக்கக் காலத் தனிமையைப் பார்த்து விலகிவிடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

முகப்புப் பக்கம் வெறுமையாக இருப்பது கோளாறன்று. அந்தத் தளம் அமைந்திருக்கும் விதமே அதுதான். பிற சமூக ஊடகங்களில் நாம் யாரையும் பின்தொடராவிட்டாலும், நம் விருப்பத்தை ஊகித்து எதையாவது கொண்டுவந்து நிரப்பும் நிரல் ஒன்று இயங்கிக்கொண்டே இருக்கும். மாஸ்டோடனின் முகப்பில் நீங்கள் பின்தொடரும் மனிதர்களும் ஹேஷ்டேக்குகளும் மட்டுமே வருகின்றன, அதுவும் கால வரிசையில். அதே காரணத்தால் உங்கள் பதிவையும் எந்த நிரலும் தானாக எடுத்துச் சென்று அயலாரின் முகப்பில் வைப்பதில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்தாம்.

எனவே முதல் வேலையாக ஓர் அறிமுகப் பதிவை எழுதுங்கள். நீங்கள் யார், எந்தப் பகுதியில் எந்தப் பறவைகளைப் பார்க்கிறீர்கள், என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை நான்கைந்து வரிகளில் சொல்லி, ‘அறிமுகம்’ என்ற ஹேஷ்டேக்கையும், ‘இன்ட்ரொடக்‌ஷன்’, ‘பேர்ட்ஸ்’ என்பவற்றை ஆங்கில எழுத்திலும் இட்டு, அந்தப் பதிவை உங்கள் பக்கத்தின் மேற்பகுதியில் நிலையாக நிற்கும்படி ‘பின்’ செய்துவிடுங்கள். உங்களைப் பின்தொடரலாமா என்று எண்ணுபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பெயரும் படமும் இல்லாத, ஒரு பதிவும் எழுதாத கணக்கைப் பின்தொடரப் பலரும் தயங்குவார்கள்.

ஹேஷ்டேக்கை அலங்காரமாக எண்ண வேண்டாம். நெடுங்காலம் வரை இந்தத் தளத்தில் பிறர் பதிவுகளைத் தேடிக் கண்டடைய அது ஒன்றே வழியாக இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில்தான் பதிவின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடும் வசதி பரவலாகச் சேர்க்கப்பட்டது. அப்போதும் ‘என் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கலாம்’ என்று அமைப்புகளில் ஒப்புதல் அளித்தவர்களின் பதிவுகள் மட்டுமே தேடலில் கிடைக்கும். தொடக்கத்தில் அந்த ஒப்புதல் அளிக்கப்பட்டிருக்காது என்பதால், உங்களைப் போன்று பலருக்கும் பயன்பட எழுதுபவர்கள் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று அதை இயக்கிவைப்பது நல்லது. தமிழ் ஹேஷ்டேக்குகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டால் இரண்டாம் சொல் அறுந்துவிடும். ‘வர்ண_நாரை’ என்று அடிக்கோடிட்டு இணைத்து எழுதுங்கள். ‘பறவைகள்’ போன்ற ஹேஷ்டேக்குகளை நீங்களும் பின்தொடரலாம். அவற்றைத் தாங்கி உங்கள் சர்வரை எட்டும் பொதுப் பதிவுகள் நேரே உங்கள் முகப்புக்கு வந்துவிடும். வெறுமை நீங்குவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறரின் நல்ல பதிவுகளைப் பார்க்கும்போது விருப்பக்குறி இடுவதோடு நிறுத்தாமல் பூஸ்ட் (மறுபகிர்வு) செய்யுங்கள். விருப்பக்குறி எழுதியவருக்கு மகிழ்ச்சி தருமே தவிர, அந்தப் பதிவை உங்களைப் பின்தொடர்வோரின் முகப்பில் கொண்டு சேர்ப்பதில்லை, பூஸ்ட்தான் சேர்க்கும். பூஸ்ட்டைவிடவும் பயன் தருவது மறுமொழி. யாரோ ஒருவர் அடையாளம் தெரியாத ஓர் உள்ளான் படத்தை இட்டு இது என்ன பறவை என்று கேட்கும்போது நீங்கள் பொறுமையாக விளக்கிச் சொன்னால், அவரும் அந்த உரையாடலைக் கவனிக்கும் பத்துப் பேரும் உங்களைத் தேடி வருவார்கள்.

இன்னொன்று, எழுதும் பெட்டியின் அருகே மொழியைக் குறிக்கும் பொத்தான் இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அமைப்புகளில் நிலையாகவே தமிழ் என்று வைத்துக்கொள்ளவும் முடியும். ஆங்கிலம் என்று குறிக்கப்பட்ட தமிழ்ப் பதிவு, தமிழ்ப் பதிவுகளை மட்டும் பார்க்கும்படி வடிகட்டி வைத்திருப்பவர்களின் கண்ணில் படாமலே போய்விடும்.

படங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தத் தளத்தில் அது வெறும் மரியாதையாக அன்றி வழக்கமாகவே ஊன்றியிருக்கிறது. குறிப்பு இல்லாத படங்களைப் பூஸ்ட் செய்யவே மாட்டோம் என்று கொள்கையாக வைத்திருப்பவர்கள் உண்டு. பார்வையற்றவர்களின் கணினி அந்தக் குறிப்பைத்தான் வாசித்துக் காட்டுகிறது. ‘பறவை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், ‘நீர் வற்றிய குளத்தின் சேற்றில் ஐந்து வரித்தலை வாத்துகள் மேய்கின்றன, வெண்ணிறத் தலையின் பின்புறத்தில் இரண்டு கரும்பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன’ என்று எழுதுங்கள். 1,500 எழுத்துகள் வரை இடம் உண்டு. பதிவின் உடலுக்கே பொதுவாக 500 எழுத்துகள்தாம் என்பதால், பறவையின் அடையாளக் கூறுகளைக் குறிப்பிலும் உங்கள் அவதானிப்பைப் பதிவிலும் பிரித்து எழுதலாம். பார்வையுள்ளவர்களுக்கும் அது பாடமாக அமையும். விட்டுப்போனால் பதிவைத் திருத்திப் பின்னரும் சேர்க்கலாம்.

குமரிக்காற்று

பனைநிழல் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். சர்வர் பற்றி என் கருத்து இது: புதியவர் அதைக் குறித்து அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மாஸ்டோடன் நிறுவனமே நடத்தும் ‘மாஸ்டோடன் டாட் சோஷியல்’ சர்வரில் சேர்வதே எளிது. 2023ஆம் ஆண்டில் அவர்களுடைய செயலியும் புதியவர்களுக்கு அதையே முதலில் காட்டத் தொடங்கியது. எந்தச் சர்வரில் இருந்தாலும் பிற சர்வர்களில் இருப்பவர்களைப் பின்தொடரலாம், அவர்களோடு உரையாடலாம். பெரிய சர்வரில் ஏற்கெனவே பல்லாயிரம் பேரின் பதிவுகள் வந்து சேர்ந்துகொண்டிருப்பதால் ஹேஷ்டேக்கைத் தொட்டவுடன் நிறையக் கிடைக்கும்.

சிறு சர்வர் பராமரிப்பாளர்

தன்னார்வமாக ஒரு சிறிய சர்வரைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், குமரிக்காற்று அவர்களின் கருத்தோடு பாதி உடன்படுகிறேன். பெரிய சர்வரில் தேடல் நிறைவாக இருக்கும் என்பது உண்மையே. ஒரு சர்வருக்கு எல்லா ஊர்ப் பதிவுகளும் வந்து சேர்வதில்லை. அதன் உறுப்பினர்கள் யாரையெல்லாம் பின்தொடர்கிறார்களோ, பெரும்பாலும் அவர்களின் பதிவுகளும் பூஸ்ட் வழியாக வருபவையுமே அங்கே சேமிக்கப்படுகின்றன. சிறிய சர்வரில் ‘பறவைகள்’ என்று தேடினால் ஒன்றிரண்டு மட்டும் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் சர்வர் என்பது வெறும் நுழைவாயில் அன்று. உங்கள் பதிவுகள் சேமிக்கப்படும் இடமும், உங்களை எவரேனும் வசைபாடினால் நீங்கள் முறையிட வேண்டிய இடமும் அதுவே. எந்தச் சர்வரோடு தொடர்பைத் துண்டிப்பது என்பதையும் அதன் நிர்வாகியே முடிவு செய்கிறார். பறவைகளுக்கென்றோ இயற்கைக்கென்றோ நடத்தப்படும் நல்ல சர்வர்களில், அதே சர்வரில் இருப்பவர்களின் பதிவுகளைக் காட்டும் உள்ளூர்க் காலவரிசை முழுவதும் ஒத்த ஆர்வமுள்ளவர்களின் பதிவுகளாக இருக்கும். உங்களைப் போன்றவருக்கு அது பெரும் கொடை. ஒவ்வொரு சர்வரின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலும் விதிகள் இருக்கும்; அதைப் படித்த பிறகே சேருங்கள். ‘ஜாயின்மாஸ்டோடன்’ தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் சில உறுதிமொழிகளை ஏற்றவை: வெறுப்புப் பேச்சை அனுமதிக்காமல் கண்காணிப்பது, நாள்தோறும் காப்புப்படி எடுப்பது, அவசரக் காலத்தில் சர்வரைக் கையாளக்கூடிய இன்னொருவராவது இருப்பது, மூடுவதாக இருந்தால் 3 மாதங்களுக்கு முன்பே அறிவிப்பது. கடைசி இரண்டையும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தனி ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் நடத்தும் சர்வர் அவர் நோயுற்றால் நின்றுவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, அமைப்புகளில் பழைய கணக்கை அடையாளம் காட்டி, பழைய கணக்கிலிருந்து நகர்த்தினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்வோரின் பட்டியலைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்ற வேண்டும். ஒருமுறை நகர்த்திய பின் மறுபடியும் நகர்த்த 30 நாள் இடைவெளி தேவை. கவனிக்க வேண்டியது இதுதான்: பழைய பதிவுகள் உடன் வரமாட்டா, அவை பழைய சர்வரிலேயே தங்கிவிடும். பல ஆண்டுக் குறிப்புகளை ஏற்றப்போகிறீர்கள் என்பதால், மாறுவதாக இருந்தால் இப்போதே மாறிவிடுங்கள். எப்படியாயினும் மூலக் குறிப்புகளும் படங்களும் உங்கள் கணினியில் தனியாக இருக்கட்டும்.

நெல்லைப் பறவைநோக்கர்

மூவருடைய விளக்கங்களும் மிகவும் தெளிவாக இருந்தன, நன்றி. அறிமுகப் பதிவை எழுதிப் பின் செய்துவிட்டேன். கேரளத்துப் பறவைநோக்கர் ஒருவர் அதைப் பூஸ்ட் செய்ய, சிலர் பின்தொடரத் தொடங்கியிருக்கிறார்கள். விதிகள் தெளிவாக எழுதப்பட்ட, இயற்கை சார்ந்த ஒரு சர்வருக்கு விண்ணப்பமும் அனுப்பியிருக்கிறேன். இப்போது வேறோர் ஐயம். அரிய பறவை ஒன்றின் கூட்டைப் பற்றி எழுதும்போது இடத்தைப் பொதுவில் சொல்வதில்லை என்பது எங்களிடையே உள்ள கட்டுப்பாடு. நன்கு அறிமுகமான ஓரிருவருக்கு மட்டும் அந்த இடத்தைத் தெரிவிக்க இங்கே உள்ள தனிச்செய்தி வசதியைப் பயன்படுத்தலாமா?

சிறு சர்வர் பராமரிப்பாளர்

வேண்டாம் ஐயா. அங்கே தனிச்செய்தி என்று தோன்றுவது, குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் தெரியும்படி அனுப்பப்படும் ஒரு பதிவே. அது முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படுவதில்லை. அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவருடைய சர்வர்களையும் நிர்வகிப்பவர்கள் நினைத்தால் அதைப் படிக்க இயலும். மேலும், அந்தச் செய்திக்குள் மூன்றாம் ஒருவரின் கணக்குப் பெயரைப் பேச்சுவாக்கில் எழுதினாலும் செய்தி அவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்ற அமைப்பும் இதற்குப் போதாது. பின்தொடர விரும்புவோர் உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று நீங்கள் அமைத்திருந்தாலன்றி, எவரும் ஒரு பொத்தானை அழுத்திப் பின்தொடர்பவராகிவிடலாம். கூட்டின் இடத்தைத் தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது சிக்னல் போன்ற குறியாக்கமுள்ள செயலியில் அனுப்புங்கள். பொதுப் பதிவில் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, பின்னணியில் கோயில் கோபுரமோ கைபேசிக் கோபுரமோ தெரியாத படமாகப் பார்த்து, குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்த பிறகு வெளியிடுங்கள்.

பனைநிழல்

கூந்தன்குளம் போன்று எல்லாருக்கும் தெரிந்த சரணாலயத்தின் வர்ண நாரைகளுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. இடத்தையே ஹேஷ்டேக்காக இட்டுத் தாராளமாக எழுதுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும்போது அந்தப் பெயரிலும் ஒரு ஹேஷ்டேக் இடுங்கள். தமிழ்நாடு முழுவதும் அந்த நாட்களில் பறவைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் குளங்களின் செய்தியைத் தேடி வருவார்கள்.