காட்டுக் காவலர்களுக்குத் தமிழிலோ கன்னடத்திலோ பயிற்சி கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. என் சித்தி மகன் பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறான். அவனோடு இன்னும் ஐந்து பேர். பன்னேர்கட்டாவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள தளி, ஜவளகிரி காடுகளுக்கு யானைகள் போய்வரும் பகுதி அது. ராகி முற்றும் மாதங்களில் இரவுத் தூக்கமே கிடையாது. சாணத்தைத் தொட்டுப் பார்த்தே கூட்டம் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவான். ஆனால் ஜிபிஎஸ்ஸில் பதியவோ, தானியங்கி கேமராவைச் சரியான உயரத்தில் கட்டவோ யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது பாம்புக்கடி. போன வருடம் கூட வேலை செய்பவரைக் கண்ணாடி விரியன் கடித்தபோது காலை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, அசைக்காமல் உடனே விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, பிழைத்துவிட்டார்.

டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்தின் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சி வனச்சரகர் நிலையில் இருப்பவர்களுக்கானது. இவர்களில் பலர் பத்தாவது தாண்டாதவர்கள்.

பெங்களூரில் உள்ள ஐஐஎஸ்சி சூழலியல் மையம், என்சிபிஎஸ், ஏட்ரீ போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? இரண்டு மூன்று நாள் களப்பயிற்சி போதும். தினக்கூலிக்காரர்கள் என்பதால் அந்த நாட்களின் கூலியை நாங்கள் சிலர் சேர்ந்து தருகிறோம். முதலுதவி சொல்லித்தர முன்வரும் மருத்துவர்கள், செவிலியர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், வண்டி ஏற்பாடு என் பொறுப்பு. அடுத்த ராகி அறுவடைக்கு முன் நடந்தால் நல்லது.