மாடி அறை கம்ப்யூட்டர்

வசந்தி சித்தி: மாடி அறையில் கிடக்கும் இரண்டு கம்ப்யூட்டரையும் இன்று பழைய சாமானுக்குப் போடப் போகிறேன். அப்புறம் யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

முரளி: ஐயோ சித்தி, போடாதீங்க!

முரளி: நம் வைஃபை ரவுட்டருக்குக் கம்பெனிக்காரர்கள் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்டார்கள். இனி அதன் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஓபிஎன்சென்ஸ் போட்டால் அதுவே ரவுட்டர், அதுவே ஃபயர்வால், அதாவது வெளியாட்களைத் தடுக்கும் காவல். இலவச மென்பொருள். 2015-இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. இன்றும் அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது.

பெரியப்பா: அதில் விண்டோஸ் திறப்பதற்குள் விடிந்துவிடும்.

முரளி: விண்டோஸே இருக்காது பெரியப்பா. 64 பிட் சிபியூ, குறைந்தது 2 ஜிபி ராம். 4 இருந்தால் நிம்மதி. மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஓபிஎன்சென்ஸை முதலில் ஏற்றும்போது மட்டும்தான் வேண்டும்.

பிரியா: எந்தக் கம்ப்யூட்டர், கறுப்பா, வெள்ளையா?

முரளி: வெள்ளை 32 பிட், ஆகாது அக்கா. கறுப்பு.

லதா அத்தை: கறுப்பா? என் பையன் படிக்கக் கேட்டபோது ரிப்பேர் என்றீர்களே.

சித்தப்பா: அப்போது நிஜமாகவே ரிப்பேர்தான் அக்கா.

லதா அத்தை: சரி சரி.

முரளி: சித்தி, கறுப்பின் பின்னால் நெட்வொர்க் கேபிள் செருகும் போர்ட் எத்தனை?

வசந்தி சித்தி: ஒன்று. உள்ளே ஒரே தூசி.

முரளி: இரண்டு வேண்டும். ஒன்றில் வெளியிலிருந்து வரும் இணைப்பு, இன்னொன்றில் வீடு. நாம் உள்ளேயிருந்து கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் ஓபிஎன்சென்ஸ் உள்ளே விடும். கேட்காமல் வந்து தட்டுபவனுக்குத் திறக்காது. மூன்றாவது போர்ட் ஒன்று இருந்தால் கேமராவையும் டிவியையும் தனியாகப் பிரித்து வைக்கலாம். இரண்டாவது போர்ட்டுக்கு ஒரு கார்டு செருகினால் போதும். யூஎஸ்பி அடாப்டர் வேண்டாம், ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று விட்டுப்போகும்.

பிரியா: டேய், வைஃபை?

முரளி: இருக்கிற ரவுட்டரே அதைக் கொடுக்கும். அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்துவிட்டு, கேபிளை வீட்டுப் பக்கத்து லேன் போர்ட்டில் செருக வேண்டும், வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் அல்ல. முன்னதாக அதன் முகவரியை மாற்றியாக வேண்டும். ஓபிஎன்சென்ஸும் முதலில் 192.168.1.1 என்றுதான் வரும், இரண்டும் ஒன்றாக இருந்தால் மோதும். அப்புறம் வெளியிலிருந்து யாரும் நேரே அந்த ரவுட்டரைத் தொட முடியாது.

சித்தப்பா: கரண்ட்?

முரளி: 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 யூனிட். மாதம் 36. அந்த ஒரு குறை உண்டு. கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸில் வைத்துவிடலாம். லேப்டாப் என்றால் செலவு குறையும், ஆனால் போர்ட் ஒன்றுதான்.

பெரியப்பா: என் லேப்டாப் பிரியாவிடம் இருக்கிறது.

பிரியா: சார்ஜர் உங்களிடம் இருக்கிறது பெரியப்பா.

வசந்தி சித்தி: பாட்டி கேட்கிறார்கள். தாத்தா போட்டோ, வீடியோ எல்லாம் கறுப்பில்தானே இருக்கிறது?

முரளி: ஆமாம் சித்தி. ஓபிஎன்சென்ஸ் போட்டால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு ஒன்று போடுவேன். சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் போதும். தாத்தா போட்டோ இருக்கும் டிஸ்க்கைத் தொடவே மாட்டேன் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

லதா அத்தை: அந்த டிஸ்க் என்னிடம் இருக்கட்டும்.

பெரியப்பா: ஏன், இங்கே இருந்தால் என்ன?

லதா அத்தை: அப்பா குரல் வேறு எங்கேயும் இல்லை அண்ணா.

பிரியா: எல்லோருக்கும் ஒரு காப்பி எடுத்துவிடலாம் அத்தை.

வசந்தி சித்தி: சாமான் எடுப்பவர் வந்துவிட்டார். வெள்ளையைக் கொடுத்துவிடட்டுமா?

முரளி: கொஞ்சம் பொறுங்கள் சித்தி. பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

வசந்தி சித்தி: 📷

முரளி: கீழே படுக்கையாக இருக்கிறதே, அதுதான் நெட்வொர்க் கார்டு! கழற்றிக்கொள்ளலாம். கறுப்பில் அதற்கு ஸ்லாட் இருக்கிறதா என்று திறந்துதான் பார்க்க வேண்டும். வெள்ளையின் டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள், பழைய பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும்.

சித்தப்பா: ஸ்க்ரூ டிரைவர் யாரிடம்?

பெரியப்பா: உன்னிடம்தான் கொடுத்தேன்.

வசந்தி சித்தி: அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

முரளி: நான் ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் சித்தி.

லதா அத்தை: டிஸ்க் யாரிடம் இருக்கும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.