வரம்பை ஏற்றுவதா, பூலைக் குறைப்பதா?

நிலாமுற்றம்: வெப் சர்வர்களும் டேட்டாபேஸும் தனித்தனி மெஷினில் இருக்கின்றன. கூட்டம் ஏறினால் மைஎஸ்கியூஎல் 1040 பிழை தருகிறது, 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்'. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற வரம்பு இன்னும் பழைய 151தான். 1000 ஆக்கிவிடலாமா?

வெள்ளாடு: ஃபயர்வாலைப் பார்த்தீர்களா?

ஒற்றைக்கம்பி: 1040 என்று பதில் வருகிறதே, அப்போ மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட் வரை எல்லாம் சரி. ஃபயர்வால் தடுத்தால் மைஎஸ்கியூஎல்லின் பதிலே வராது, பெரும்பாலும் டைம்அவுட்தான். வரம்பை ஏற்றுங்கள். 'செட் குளோபல்' கட்டளை போட்டால் ரீஸ்டார்ட்கூட வேண்டாம். தளம் படுத்துக் கிடக்கும்போது ஆராய்ச்சி எதற்கு?

புதுவிசை: 1000 பேர் ஒரே நேரத்தில் கனமான குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அனுப்பினால் மெமரி தீர்ந்து, லினக்ஸே மைஎஸ்கியூஎல்லைக் கொன்றுவிடும். அப்புறம் 1040 வராது, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வரும். முதலில் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கட்டளை போட்டு, எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். வரம்பு நிரம்பினாலும் நிர்வாகிக்கு ஓர் இணைப்பு கூடுதலாக உண்டு. (ஆப்பையே ரூட் (நிர்வாகி) பயனராக ஓட்டுகிறவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.)

நிலாமுற்றம்: பார்த்தேன். முக்கால்வாசி 'ஸ்லீப்', சும்மா இருப்பவை. ஆப் சர்வர் 4, ஒவ்வொன்றிலும் பூல் (திறந்தே வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) 50.

புதுவிசை: ஆக மொத்தம் 200. 151க்குள் எப்படி அடங்கும்? பூலை 30 ஆக்குங்கள், 120தான் வரும். மீதி பேக்கப்புக்கும் கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலைகளுக்கும்.

ஒற்றைக்கம்பி: அப்போது கோரிக்கைகள் பூல் வாசலில் காத்துக் கிடந்து டைம்அவுட் ஆகும். பயனருக்கு எந்தப் பிழையானால் என்ன? தூங்கும் இணைப்பு பெரிதாக மெமரி தின்பதில்லை. 250 வையுங்கள்.

புதுவிசை: 250க்கு நான் சண்டை போடவில்லை, 1000க்குத்தான். ஆனால் முக்கால்வாசி தூங்கும்போது வாசலில் ஏன் காத்திருக்க வேண்டும்? எடுத்த இணைப்பை ஆப்பின் நிரல் திருப்பித் தராமல் இருந்தால்தான் அப்படி ஆகும். சும்மா இருக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் அறுக்கும் 'வெயிட் டைம்அவுட்' 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அதுவரை, திருப்பித் தராமல் கசிந்த இணைப்பு அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒற்றைக்கம்பி: அதை 60 ஆக்கினால் தானாக அறுந்துவிடுமே?

புதுவிசை: பூலில் சும்மா இருப்பவையும் சேர்ந்து அறுந்துவிடும். செத்த இணைப்பை ஆப் எடுத்தால் 2006 பிழை, 'சர்வர் ஹாஸ் கான் அவே'. குறைப்பதென்றால் பூலில் இணைப்பின் ஆயுளை அதற்கும் குறைவாக வையுங்கள். கசிவு எங்கே என்று தேட, எக்ஸெப்ஷன் (நிரல் ஓடும்போது வரும் பிழை) வரும் வழிகளில் இணைப்பு மூடப்படுகிறதா என்று பாருங்கள்.

ஒற்றைக்கம்பி: தேடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடி முடிக்கும்வரை தளம் ஓட வேண்டும். நிலாமுற்றம், இப்போதைக்கு 250. கான்ஃபிக் ஃபைலிலும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி 151.