ஆர்சனல் தடுப்பாளர் சலிபாவை மூன்று முறை லோனில் (வேறு கிளப்புக்கு இரவலாக) அனுப்பினார்களே, அது சரியா?

பின்வரிசை எழுதியது:
போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "ஆர்சனல் சலிபாவின் மூன்று வருஷத்தை வீணாக்கியது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். அங்கே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதனால் தனியாகத் தொடங்குகிறேன். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை.

புதிதாக வருபவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் சலிபா 2001 மார்ச் 24ல் பாரிஸுக்கு வெளியே போந்தியில் பிறந்தவர். அப்பா லெபனான், அம்மா கேமரூன். 2018 செப்டம்பரில், 17 வயதில், பிரெஞ்சு கிளப் செயிண்ட் எத்தியெனுக்காக முதல் லீக் மேட்ச். அந்த சீசனில் லீக்கில் மொத்தமே 16 மேட்ச்தான் ஆடினார். அதைப் பார்த்துவிட்டே 2019 ஜூலையில் ஆர்சனல் 2.7 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. வாங்கிய கையோடு அதே செயிண்ட் எத்தியெனுக்கு லோன். 2021 ஜனவரியில் நீஸுக்கு லோன். 2021-22 முழுக்க மார்சேய். ஆர்சனல் சட்டை போட்டு முதல் லீக் மேட்சில் இறங்கியபோது 2022 ஆகஸ்ட் 5.

வெளியிலிருந்து பார்த்தால் வீண்தான். ஆனால் சென்டர் பேக்குக்கு, அதாவது நடுத் தடுப்பாளருக்கு, 19, 20 வயதில் தேவைப்படுவது மேட்ச், மேட்ச், மேட்ச். ஸ்ட்ரைக்கர் நாலு வாய்ப்பைத் தவறவிட்டு ஐந்தாவதை அடித்தால் அன்று அவர்தான் நாயகன். தடுப்பாளர் 89 நிமிஷம் சரியாக ஆடி ஒரு நிமிஷம் கண் அசந்தால் போச்சு. அந்தத் தவறுகளை எங்காவது செய்து முடித்துவிட்டுத்தான் பெரிய இடத்துக்கு வரவேண்டும். மார்சேயில் ஒரே சீசனில் 52 மேட்ச் ஆடினார், யூரோபா கான்ஃபரன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனார். பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது அந்த வருஷம் அவருக்குத்தான். அதே 2021-22ல் ஆர்சனல் ஐரோப்பாவில் எதிலுமே இல்லை. எல்லாப் போட்டிகளும் சேர்த்து மொத்த கிளப்பும் ஆடியதே 45 மேட்ச். இங்கே இருந்திருந்தால் 52 எப்படிக் கிடைத்திருக்கும்?

செம்பீரங்கி எழுதியது:
அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். விளக்கமாகவே சொல்கிறேன்.

நீங்கள் மார்சேயைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். 2020 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை என்ன நடந்தது என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பையன் லண்டனுக்கு வருகிறான். 19 வயது. அந்த வருஷம்தான் அம்மாவை இழந்திருக்கிறான். அப்போது ஆர்சனலிடம் எட்டு சென்டர் பேக். யூரோபா லீக் பட்டியலில் 25 பேர். அதில் உள்ளூரில் வளராதவர்களுக்கு 17 இடம்தான். ஓசில், சோக்ரட்டீஸ் இருவரோடு சலிபாவையும் வெளியே விட்டார்கள். அக்டோபர் 5ல், வீரர் மாற்றத்துக்கான கடைசி நாளில், செயிண்ட் எத்தியெனுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நேரத்துக்குள் தாள் வேலை முடியாமல் அதுவும் நடக்கவில்லை. அப்புறம் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியோடு ஆடு என்று விட்டுவிட்டார்கள். முதன்மை அணிக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. பட்டியலில் சேர்க்காமல் விட்டது தனக்கே வலித்தது என்ற பொருளில் பயிற்சியாளர் அர்டேட்டா பின்னால் பேசினார். வலித்தது சரி. அந்த அரை வருஷத்தை யார் திருப்பித் தருவது?

மேட்ச்தான் முக்கியம் என்கிறீர்கள். அப்படியானால் மேட்சே தராத அந்தக் காலம் உங்கள் வாதத்தின்படியும் தவறுதானே?

பாரிஸ்93 எழுதியது:
நான் இருப்பது போந்திக்குப் பக்கத்து ஊர். இருபது வருஷமாக இந்த 93ஆம் மாவட்டம்தான். என் மகனும் இங்கே ஒரு சிறு கழகத்தில் விளையாடுகிறான். அதனால் இந்தக் கதையை நாங்கள் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறோம்.

போந்தியில் சலிபாவுக்குச் சிறு வயதில் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் எம்பாப்பேயின் அப்பா. சலிபா அப்போது முன்வரிசையில் விளையாடிய பிள்ளை. இங்கே திடல்களில் இடம் குறைவு, பிள்ளைகள் அதிகம். பந்து காலுக்கு வந்தால் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள். அந்த நெருக்கத்துக்குள் பதறாமல் திரும்பப் பழகியவனைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சலிபா பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, எதிராளி ஓடி வரும்வரை நின்று, கடைசி நொடியில் உள்பக்கமாகத் தட்டிவிட்டு நடந்து போவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் "இது நம்ம திடல்" என்றுதான் சொல்வோம்.

நீங்கள் இருவருமே சொல்லாத ஒன்று இருக்கிறது. 2020 ஜூலை 24, பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம். செயிண்ட் எத்தியென், எதிரே பாரிஸ். நடந்தது ஸ்டாட் து பிரான்சில். அது இருக்கும் செயிண்ட் டெனியும் இதே 93தான். சலிபா பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். எதிரணியில் அவருடைய ஊர்க்காரன் எம்பாப்பே. தன் பக்கத்தில் நின்று வழிகாட்டிய அணித்தலைவர் லோயிக் பெரனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். ஆனால் சலிபா விளையாடவில்லை. லோன் ஜூன் 30ஓடு முடிந்துவிட்டது, நீடிப்பதில் இரண்டு கழகங்களும் ஒத்துப்போகவில்லை. செயிண்ட் எத்தியென் 1-0 என்று தோற்றது. எம்பாப்பேயை வீழ்த்தியதற்காகப் பெரனுக்குச் சிவப்பு அட்டை. அரை மணி நேரத்தில் வெளியே.

அந்த இரவை நான் மறக்கவில்லை. இங்கே பிள்ளைகள் சலிபா விளையாடுவான் என்று வாரக்கணக்காகக் கதைத்துக்கொண்டு இருந்தவர்கள்.

பின்வரிசை எழுதியது:
பாரிஸ்93 அண்ணா, பெரன் விஷயம் எனக்கு நினைவிலேயே இல்லை. படித்ததும் கஷ்டமாகிவிட்டது.

செம்பீரங்கி, சரி, 2020ன் அந்த நாலைந்து மாதத்தை நான் காப்பாற்ற வரவில்லை. அது தவறு. ஆனால் அதைச் சரிசெய்ததும் லோன்தானே? நீஸ் போனார், ஐந்து மாதத்தில் 22 மேட்ச் ஆடினார், போன முதல் மாதமே கிளப்பின் சிறந்த வீரராகத் தேர்வானார். நான் மறுப்பது "மூன்று வருஷம் வீண்" என்ற கணக்கை.

கணக்குப்புள்ளி எழுதியது:
கணக்கு என்றதும் வந்துவிட்டேன். இந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 2022-23. சலிபா 27 லீக் மேட்ச் ஆடினார். அந்த 27ல் ஆர்சனல் வாங்கிய கோல் 25. மார்ச் 16ல் ஸ்போர்ட்டிங்கோடு நடந்த யூரோபா மேட்சில் 20 நிமிஷம் தாண்டியதும் முதுகுவலியோடு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த சீசனில் திரும்பி வரவேயில்லை. மீதி 11 லீக் மேட்சில் வாங்கிய கோல் 18. லிவர்பூலிடம் 2, வெஸ்ட் ஹாமிடம் 2, சவுத்தாம்டனிடம் 3, மான்செஸ்டர் சிட்டியிடம் 4 என்று வரிசையாக நாலு மேட்ச். 248 நாள் முதலிடத்தில் இருந்த அணி 84 புள்ளியோடு இரண்டாவதாக முடித்தது.

அடுத்த சீசன், 2023-24. 38 மேட்ச், ஒரு நிமிஷம் விடாமல் ஆடினார். ஆர்சனல் வாங்கிய கோல் மொத்தம் 29, கோல் வாங்காத மேட்ச் 18. சிட்டியின் எட்டிஹாட் மைதானத்தில், எதிரே ஹாலண்ட் இருந்தும், அவர்களை 0-0 என்று நிறுத்தியது அந்த வருஷம்தான்.

எண்9 எழுதியது:
கோல் கணக்கை ஒருவர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் கேப்ரியல் இருக்கிறார், முன்னால் ரைஸ் வந்தார், கோல் கீப்பர் மாறினார்.

கல்லூரி அணியில் நான் ஃபார்வர்டு ஆடியவன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன். சலிபா அழகான வீரர்தான், ஆனால் நடுவில் ஒரு நொடி தூங்குவார். 2024 ஏப்ரலில் பாயர்னோடு, சானேயை வீழ்த்திக் கொடுத்த பெனால்டி. 2024 அக்டோபரில் போர்ன்மவுத்தில் எவானில்சனைப் பிடித்து 30ஆவது நிமிஷமே ரெட் கார்டு. 2025 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டின் பெர்னபு மைதானத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தாமதித்து வினீசியஸிடம் கோல் விட்டது. லோன் போய்த் தவறுகளையெல்லாம் செய்து முடித்துவிட்டு வந்தார் என்று பின்வரிசை சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. பிரான்ஸ் பயிற்சியாளர் தேஷாம்ப்ஸ் 2022 உலகக் கோப்பையில் அவருக்கு ஒரு மேட்சில் பாதி நேரம்கூடத் தரவில்லை. 2024 மார்ச்சில்கூட, அவர் ஆட்டத்தில் தனக்குப் பிடிக்காதவையும் உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். காரணம் இல்லாமலா?

செம்பீரங்கி எழுதியது:
எண்9, போர்ன்மவுத் ரெட் கார்டில் பந்தைத் தவறாகப் பின்னால் கொடுத்தது ட்ரோசார்ட். அங்கே சலிபாவுக்கு இருந்தது இரண்டே வழி, பிடிப்பது அல்லது கோலை விடுவது. பெர்னபு அவருடைய தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மேட்சை ஆர்சனல் 2-1 என்று ஜெயித்தது. அந்தத் தவறுக்குப் பிறகும் அவர் பந்தைக் கேட்டு வாங்கி ஆடினார்.

தேஷாம்ப்ஸைச் சொன்னீர்களே, அதே தேஷாம்ப்ஸ் மூன்று மாதம் கழித்து யூரோ 2024ல் எல்லா மேட்சிலும் முதல் நிமிஷத்திலிருந்து அவரை இறக்கினார். அரையிறுதி வரைக்கும் பிரான்ஸ் வாங்கிய ஒரே கோல் போலந்தின் பெனால்டி.

இப்போது பின்வரிசைக்கு வருகிறேன். என் உண்மையான கோபம் 2021-22 மேல். 5 கோடி பவுண்டு கொடுத்து பென் வொயிட்டை வாங்கிவிட்டு இவரை அனுப்பினார்கள். சீசனின் முதல் மூன்று மேட்ச் நினைவிருக்கிறதா? பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0. ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் கடைசி இடம். சீசன் முடிவில் டாட்டன்ஹாம் மைதானத்தில் 33ஆவது நிமிஷம் ஹோல்டிங்குக்கு ரெட் கார்டு, கேப்ரியலுக்குக் காயம், 3-0 தோல்வி. இரண்டே புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் போனது. நம் பணத்தில் வாங்கிய, அந்த வருஷம் பிரான்ஸிலேயே பேசப்பட்ட தடுப்பாளர் அப்போது மார்சேயில். அவரை வைத்துக்கொண்டே இரண்டு புள்ளி தேடியிருக்கக் கூடாதா?

பின்வரிசை எழுதியது:
இதுதான் நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

2021 ஆகஸ்டில் இருந்த சலிபாவும் 2022 ஆகஸ்டில் வந்த சலிபாவும் ஒருவரே என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்ட் 13, லெஸ்டரோடு மேட்ச். சொந்த மைதானத்தில் அவருக்கு முதல் லீக் மேட்ச். இரண்டாம் பாதியில், கீப்பருக்குத் தலையால் தட்டிக் கொடுக்கப் போய் பந்து சொந்த வலைக்குள் போய்விட்டது. ஓன் கோல். மூன்று வருஷம் காத்திருந்து வந்த 21 வயதுப் பையனுக்கு இது நடந்தால் என்ன ஆகும்? மைதானமே அவர் பெயரைச் சொல்லிப் பாடத் தொடங்கியது. அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. அடுத்த பந்தையும் அதே நிதானத்தோடுதான் வாங்கினார். சரியாக ஒரு வாரம் கழித்து போர்ன்மவுத்தில், பெட்டிக்கு விளிம்பிலிருந்து இடது காலால் வளைத்து ஒரு கோல் அடித்தார்.

மார்சேயின் மைதானமான வெலோட்ரோமில் ரசிகர்கள் முன்னால் ஒரு வருஷம் ஆடிவிட்டு வந்தவனுக்குத்தான் அந்த நிதானம் இருக்கும் என்று நான் நம்புகிறேன். 2021 ஆகஸ்டில், ஒன்பது கோல் வாங்கிய அந்த அணிக்குள் போட்டிருந்தால் அவரையும் சேர்த்தே கிழித்திருப்பார்கள். அப்போது அர்டேட்டாவின் வேலையே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. அப்புறம் பென் வொயிட் வீணாகவும் போகவில்லை. சலிபா வந்ததும் அவர் ரைட் பேக்குக்கு நகர்ந்தார், அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் உறுதியானது.

பாரிஸ்93 எழுதியது:
தம்பி, நிதானம் மார்சேயில் வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். 17 வயதில் செயிண்ட் எத்தியெனுக்கு விளையாடியபோதே அந்த முகம் அப்படித்தான் இருந்தது. மார்சேய் கொடுத்தது பழக்கம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், மறுநாள் பயணம், மறுபடி ஆட்டம். அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெலோட்ரோம் என்று சொன்னதால் இதையும் சொல்லவேண்டும்: பிரான்சுக்காக முதல் ஆட்டமும் அங்கேதான். 2022 மார்ச் 25, ஐவரி கோஸ்ட்டோடு. 21 வயது முடிந்து மறுநாள். மாற்று வீரராக எழும்பி வரும்போது அந்த ஊரே கைதட்டியது.

செம்பீரங்கி எழுதியது:
ஓன் கோல் அன்று நானும் டிவி முன்னால்தான் இருந்தேன். அந்தப் பாட்டு எழும்பியபோது கண் கலங்கிவிட்டது. அதை மறுக்கமாட்டேன்.

ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். லோன் சரியாக வந்தது அவர் சரியானவர் என்பதால். 2019ல் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருஷம். மூன்று வருஷம் ஒரு மேட்ச்கூடத் தராத கிளப்பிடம் அவர் திரும்பி வராமலே இருந்திருக்கலாம், மார்சேயிலேயே நின்றிருக்கலாம். வந்தார். 2023 ஜூலையில் 2027 வரைக்கும், 2025 செப்டம்பரில் 2030 வரைக்கும் கையெழுத்துப் போட்டார். ரியல் மாட்ரிட் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பொறுமை முழுக்க அவருடையது. அதைக் கிளப்பின் திட்டம் என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது.

பின்வரிசை எழுதியது:
பொறுமை அவருடையது, சரி. "மூன்று வருஷம் வீண்" என்பதை "2020ல் அரை வருஷம் வீண்" என்று மாற்றிக்கொள்வீர்களா?

செம்பீரங்கி எழுதியது:
அரை வருஷமும் ஒரு கோப்பை இறுதியாட்டமும். பாரிஸ்93 அண்ணன் சொன்ன அந்த ஜூலை 24ஐயும் சேர்த்துத்தான் மாற்றுவேன்.