மறு: [கலைச்சொல்] கிளாஸ் நூடுல்ஸ்: கண்ணாடி வேண்டாம், வேற என்ன?

> தாய்லாந்து சமையல் பகுதிக்கு யம் வுன் சென் (கிளாஸ் நூடுல்ஸை எலுமிச்சை, மீன் சாஸ், மிளகாயோட பிசிறுற பதார்த்தம்) குறிப்பு எழுதிட்டு இருக்கேன். கிளாஸ் நூடுல்ஸ் வர்ற இடத்துல இப்போதைக்கு "கண்ணாடி நூடுல்ஸ்"னு போட்டு வச்சிருக்கேன். ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, இல்லன்னா அப்படியே ஏத்திடறேன்.

ஆட்சேபம் இருக்குங்க, ஏத்திடாதீங்க.

கண்ணாடின்னு எழுதினா நம்மாளுக்கு முதல்ல முகம் பாக்கிறது, அப்புறம் மூக்குல மாட்டுறது, அதுக்கும் பின்னாடிதான் ஜன்னல்ல இருக்கிறது. சாப்பாட்டுப் பேர்ல அது வந்தா பல்லுல ஏதோ நறநறக்கப் போகுதுன்னுதான் தோணும். சரி இழைன்னு சேத்து "கண்ணாடியிழை"ன்னு சொல்லலாமேன்னு ஒருத்தர் முன்னாடி எழுதியிருந்தாங்க, அந்தச் சொல் ஏற்கனவே ஃபைபர் கிளாஸுக்குப் போயாச்சு, படகும் தண்ணித் தொட்டியும் செய்யற சாமான், அதை ஊற வச்சு எலுமிச்சம்பழம் பிழியச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான விஷயம், பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள இருக்கிறது கண்ணாடி மாதிரியே இருக்காது. மங்கின வெள்ளையா, சிடுக்கு விழுந்த நைலான் கயிறு மாதிரி ஒரு சுருள் இருக்கும். கத்தரிக்கோல் இல்லாம பிக்க முடியாது, பிச்சா சமையக்கட்டு முழுக்கத் தெறிக்கும். தண்ணில ஊறினா லேசா ஒளி கசிய ஆரம்பிக்கும், கொதிக்கிற தண்ணில போட்ட ஒரு நிமிஷத்துல வெள்ளை எங்க போச்சுன்னே தெரியாம தெளிஞ்சிடும். ஆக அந்தப் பேர் சமைச்ச பிறகு இருக்கிற நிலையை மட்டும்தான் சொல்லுது. கடையில தேடுறவனுக்கு அது உதவாது.

அடுத்தது "பயற்றிழை". கேக்க நல்லா இருக்கு, தாய்லாந்து மட்டும்னா எனக்கும் சம்மதம்தான், அங்க நல்ல வுன் சென் பாக்கெட்ல பச்சைப்பயறுதான் போட்டிருக்கும். பயறை ஊற வச்சு அரைச்சு, கரைச்சு, வடிகட்டி, மாவுச்சத்து அடியில படிஞ்சதும் மேல நிக்கிற தண்ணிய இறுத்துடுவாங்க. படிஞ்ச மாவுல கொஞ்சத்தை மட்டும் கூழா காய்ச்சி மிச்ச மாவோட சேத்துப் பிசைஞ்சா ஒரு பதம் வரும், பயறு மாவுச்சத்துக்கு கோதுமை மாதிரி தானா இழுவை வராது, அந்தக் கூழ்தான் பிடிச்சு வைக்குது. அதை ஓட்டை வழியா நேரா கொதிதண்ணிக்குள்ள பிழிஞ்சு, உடனே பச்சைத் தண்ணிக்கு மாத்தி, குளிர வச்சு உறைய விட்டு, அப்புறம் காய வைக்கிறது. உறைய விடறது எதுக்குன்னா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரியறதுக்கும், உள்ள இறுகறதுக்கும். பச்சைப்பயறு மாவுச்சத்துல அமைலோஸ்ங்கற நீட்டுச் சங்கிலி வகை அதிகம், கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, அந்த நீட்டுச் சங்கிலிகள் ஆறும்போது ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு மறுபடி கொதிதண்ணில போட்டாலும் விடாது. புரதம், நார் எல்லாம் கழுவிப் போயிட்டதால வெளிச்சத்தைத் தடுக்க உள்ள ஒண்ணும் மிச்சமில்ல, அதான் தெளியுது.

ஆனா பயறுன்னு பேர்லயே வச்சுட்டா கொரியாக்காரங்க தங்மியோனை என்ன பண்றது, அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவு. வியட்நாம் மியென் பெரும்பாலும் கல்வாழைக் கிழங்கு. ஜப்பான் ஹருசமேல உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கலந்திருக்கும். சீனாலயே இப்ப நிறைய பாக்கெட்ல பட்டாணி மாவுதான். காரணப்பெயர் வைக்கிறோம்னு கிளம்பி நாலு நாட்டுல பொய்யாப் போற காரணத்தைப் பிடிக்கக் கூடாது.

பேர் வச்ச ஊர்க்காரங்க யாரும் கண்ணாடின்னு சொல்லலைங்கறதையும் பாக்கணும். தாய்ல வுன்னா கடல்பாசி ஜெல்லி, சென்னா இழை. சீனத்துல மாவு நூல். ஜப்பான்காரன் வசந்த மழைன்னுட்டான், அவனோட போட்டி போட நம்மால முடியாது விடுங்க. கண்ணாடிங்கறது இங்கிலீஷ்காரன் கண்ணுக்குப் பட்டது, அதை எதுக்கு நாம வரி மாறாம இறக்குமதி பண்ணணும்?

என் பரிந்துரை: தெளிசேவை.

வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. தெளிஞ்ச சேவை, தெளியுற சேவை, தெளியப்போற சேவை, மூணு காலமும் உள்ள அடக்கம். பாக்கெட்ல வெள்ளையா இருக்கும்போதும் பேர் பொய்யில்ல, இனிமே தெளியும். சட்டில கிடக்கும்போதும் பொய்யில்ல. வினைத்தொகைங்கறதால நடுவுல ச் மிகாது, தயவுசெஞ்சு "தெளிச்சேவை"ன்னு யாரும் திருத்த வேண்டாம். மாவைத் தெளிய வச்சு எடுக்கிறதும் அதுலயே வந்துடுது, அது கொசுறு.

சொல் நிக்குமா நிக்காதாங்கறது குறிப்புல போட்டுப் பாத்தாதான் தெரியும், அதனால குறிப்பையே எழுதிடறேன், நீங்க வேணும்னா இதையே எடுத்துக்கலாம்.

ரெண்டு பேருக்கு 80 கிராம் தெளிசேவை. சாதா தண்ணில 10, 15 நிமிஷம் ஊறட்டும். வளைய ஆரம்பிச்சதும் கத்தரிக்கோலால ரெண்டு மூணு வெட்டு, இல்லன்னா பரிமாறும்போது மொத்தமும் ஒரே ஆள் தட்டுக்குப் போயிடும். முதல்லயே வெந்நீர்ல ஊற வைக்காதீங்க, வெளிய கொழகொழன்னும் உள்ள நறுக்குன்னும் நிக்கும்.

தெளிசேவை ஊறுற நேரத்துல சாறு. மூணு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ரெண்டரை மேசைக்கரண்டி மீன் சாஸ், ஒரு மேசைக்கரண்டி பனைவெல்லம். நாலஞ்சு ஊசி மிளகாய், ரெண்டு பல் பூண்டு, கொத்தமல்லி வேர், இதெல்லாம் உரல்ல இடிச்சு சேக்கணும். அந்த வேர் முக்கியம், தாய் சமையல்ல பாதி வாசனை அதுலதான் இருக்கு, நம்ம கடையில கட்டோட வேர் வரும், நாமதான் வெட்டிக் குப்பையில போடறோம். வெல்லத்துக்கு கருப்பட்டி போடலாம் ஆனா நிறமும் புகை வாசமும் தூக்கும், பாதியாக் குறைச்சுக்குங்க. தாய்லாந்துல பெட்சபுரி பக்கம் பனைவெல்லத்துக்குப் பேர் போன இடம், நம்ம பனை மரமேதான். தாய்ல சர்க்கரைக்கு நம்தான்னு பேர், பிரிச்சா பனைத்தண்ணி! பதநீரைக் குடிச்சவங்க வச்ச பேர்.

சின்ன வாணலில ரெண்டு மூணு மேசைக்கரண்டி தண்ணி விட்டு, எண்ணெய் கிடையாது, 100 கிராம் கொத்தின கோழிக்கறியோ பன்றிக்கறியோ போட்டு கட்டி தட்டாம கிளறணும். வெந்ததும் ஒரு கைப்பிடி இறால், அது சிவந்ததும் அடுப்பை அணைச்சுடணும். அந்தத் தண்ணிய கொட்டிடாதீங்க, சாறோட சேரும்.

இப்ப தெளிசேவையை கொதிதண்ணில ஒரு நிமிஷம், அதிகம் போனா ரெண்டு நிமிஷம், தெளிஞ்சதும் வடிச்சுடுங்க. நல்லா வடியணும், தேங்கின தண்ணி சாறை நீர்க்க வச்சுடும். சூடு இருக்கும்போதே சாறை ஊத்திக் கிளறணும், ஆறிட்டா உறிஞ்சாது. அடுப்பு மேல வச்சு எலுமிச்சை ஊத்தாதீங்க, கசப்பு தட்டும். கறி, இறால், நீளமா சீவின சின்ன வெங்காயம், தக்காளி, சீன செலரி (கிடைக்கலன்னா கொத்தமல்லித் தழையும் வெங்காயத்தாளும் கூடுதலா), வெந்நீர்ல ஊறி வெந்த கருப்புக் காது காளான், மேல வறுத்த வேர்க்கடலை. அந்தக் காளானுக்குத் தாய்ல எலிக்காது காளான்னு பேர், அதுக்குத் தனி விவாத இழை ஆரம்பிக்கலாம், இங்க வேண்டாம்.

ருசி பாக்கும்போது புளிப்பும் உப்பும் முன்ன நிக்கணும், காரம் பின்னாடியே வரணும், இனிப்பு தெரிஞ்சும் தெரியாம இருக்கணும். கலந்த உடனே கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லது, அஞ்சே நிமிஷத்துல தெளிசேவை எல்லாத்தையும் குடிச்சுட்டு சப்புன்னு ஆயிடும். மிச்சம் வச்சு மறுநாள் சாப்பிடற ஐட்டம் கிடையாது.

மேல "தெளிசேவை" எத்தனை தடவை வந்துச்சு, எங்கயாவது இடறுச்சா?

---

> சேவை எண்டால் எங்கட பக்கம் சேர்விஸ் மட்டும்தான்

வணக்கம். தெளி நல்ல வடிவாய்ப் பொருந்துது, அதில மறுப்பில்லை. ஆனால் சேவை இடறுது அண்ணை. யாழ்ப்பாணத்தில இடியப்பம் எண்டுதான் சொல்லுவம், சேவை எண்டு சொன்னால் வங்கிச் சேவை, பஸ் சேவைதான் நினைவுக்கு வரும். உங்கட தமிழ்நாட்டிலயும் எல்லா வீட்டிலயும் சேவை எண்டு சொல்லுறதாய்த் தெரியேல்லை. "தெளியிழை" எண்டு வைச்சால் ரெண்டு பக்கத்துக்கும் விளங்கும்.

மற்றது, மரக்கறி ஆக்கள் மீன் சாஸுக்கு என்ன செய்யிறது எண்டும் குறிப்பில போட்டு விடுங்கோ.

---

பினாங்குலேர்ந்து ஒரு வார்த்தை. இங்க தமிழாளுங்க கடையில போய் தங் ஹூன்னுதான் கேப்போம், ஹொக்கியன் சொல்லு. மீகூன் வேற தங் ஹூன் வேற, மீகூன் அரிசி. தமிழ்ப் பேர் எது வச்சாலும் பக்கத்துல தங் ஹூன்னு ஒரு வரி போட்டுடுங்க, இல்லன்னா இங்க உள்ள பிள்ளைங்களுக்குப் புரியாது. கோயம்புத்தூர் சொந்தக்காரங்க வீட்டுல சந்தகைன்னு ஒண்ணு கொடுத்தாங்க, அதுவும் சேவைதானே? அப்ப ஒரே பொருளுக்கு தமிழ்நாட்டுக்குள்ளயே மூணு பேரு லா.

---

> ஃபலூடாவுல போடறதும் இதேதானே, பேசாம "ஃபலூடா சேமியா"ன்னு போட்டா எல்லாருக்கும் தெரியுமே?

முதல்ல இதுக்கு. உறவு நெருக்கம்தான், அதுவும் மாவுச்சத்தைக் கூழாக் காய்ச்சிப் பிழியறதுதான், பெரும்பாலும் மக்காச்சோள மாவு. ஆனா அதைப் பச்சைத் தண்ணிக்குள்ள பிழிஞ்சா வேலை முடிஞ்சுது, மறுபடி வேகாது, மென்மையா அறுந்து போகணும். இதுல கடி வேணும். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா யாராவது ரோஸ்மில்க்ல வுன் செனைப் போட்டுட்டு நம்மளத் திட்டுவாங்க. சேமியாவும் வேண்டாம், அது கோதுமை.

தெளியிழை பத்தி. யாழ்ப்பாணத் தம்பி சொன்னதை நேத்து ராத்திரி முழுக்க எதிர்த்து எழுதலாம்னு பாத்தேன், வாதம் கிடைக்கலை. தெளி + இழை, அதுவும் வினைத்தொகைதான், நடுவுல யகரம் உடம்படுமெய், சுத்தமா இருக்கு. சேவைன்னா பிழிஞ்ச அரிசிங்கற நினைப்பு வேற கூடவே வரும், பினாங்கு அக்கா சொன்ன சந்தகையும் அரிசிதான். இழைன்னா அந்தச் சுமை இல்ல. இன்னொரு வசதி, மீகூனை அரிசியிழைன்னு சொல்லலாம், முட்டை நூடுல்ஸை முட்டையிழைன்னு சொல்லலாம், ஒரு வரிசையே கிடைச்சுடுது. இழைன்னா ஏதோ துணி மில் சமாச்சாரம் மாதிரி இருக்குன்னு ஒரு முணுமுணுப்பு எனக்குள்ள இருக்கு, ஆனா நூல்னு போட்டா புத்தகமும் வந்து ஒட்டிக்கும், அதுக்கு இது தேவலாம்.

பொருளுக்குத்தான் இவ்வளவும். பதார்த்தத்தோட பேரைத் தமிழாக்க வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். "தெளியிழைப் பச்சடி"ன்னு தொகுப்பாளர் வரைவுல பாத்தேன், பச்சடின்னா தமிழ்நாட்டுல தயிர்தான் நினைவுக்கு வரும், இங்க தயிரே கிடையாது. சாலட்னாலும் குளிர்ந்த பச்சைக் காய்னு நினைப்பாங்க, இது சூடா கலந்து வெதுவெதுப்பா தின்கிறது, சோத்தோடயும் சாப்பிடுவாங்க, பீருக்குத் தொட்டுக்கவும் வைப்பாங்க. யம்ங்கறது தாய் சமையல்ல தனி வகை, எலுமிச்சை, மீன் சாஸ், மிளகாய் போட்டு பிசிறி எடுக்கிறது. டாம் யம் சூப்புல வர்ற அதே யம்தான். அந்த சூப் பேர் நம்ம ஓட்டல் மெனுவுல அப்படியே உக்காந்துடுச்சு, இதுவும் உக்காரும். "யாம்"னு நெடிலா மட்டும் எழுதிடாதீங்க, தாய்ல குறில்தான், நெடில் போட்டா ஏதோ அரசர் ஓலை அனுப்பின மாதிரி இருக்கு.

சைவக்காரங்களுக்கு: மீன் சாஸுக்குப் பதிலா லைட் சோயா சாஸ் ரெண்டு மேசைக்கரண்டி, மேல உப்பு ருசி பாத்து. டார்க் சோயா கூடவே கூடாது, இழை பழுப்பாயிடும், அப்புறம் தெளியிழைங்கற பேருக்கே அர்த்தமில்ல. கறிக்குப் பதிலா காளான், பொரிச்ச டோஃபு. இறாலோட அந்த லேசான இனிப்பு போயிடும், அதை ஈடுகட்ட வேர்க்கடலையைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க.

---

தொகுப்பாளர்:

சரி, யாரும் மறுக்கலை, முடிச்சுக்கலாம். பதிவு இப்படிப் போகுது:

தெளியிழை (பெ.) – பயறு, கிழங்கு போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து பிழிந்து உலர்த்திய இழை, வேகும்போது ஒளி ஊடுருவும்படி தெளியும். தாய்: வுன் சென். மலேசிய வழக்கு: தங் ஹூன்.

குறிப்புத் தலைப்பு "யம் வுன் சென்", உள்ள எல்லா இடத்துலயும் தெளியிழை. மாவு என்னங்கறது அடைப்புக்குறிக்குள்ள வரும், கொரியக் குறிப்புகள்ல தெளியிழை (சர்க்கரைவள்ளி)ன்னு இருக்கும், ஏன்னா அது தடிமன், ஒரு நிமிஷத்துல வேகாது, ஆறேழு நிமிஷம் ஆகும், மாத்திப் போட்டா குறிப்பு சொதப்பிடும்.

எலிக்காது காளானுக்கு யார் இழை ஆரம்பிக்கிறீங்க?