மலை உயர்ந்தால் பனியுகச் சுழற்சி வருமா?

கல்தேடி:
இமயமலை எழுந்ததால்தான் பூமி குளிர்ந்து பனியுகங்கள் வந்தன என்று படித்தேன். மலை எழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பனியுகங்களோ 41,000 ஆண்டு, 1 லட்சம் ஆண்டு இடைவெளிகளில் வந்து போயிருக்கின்றன. இவ்வளவு மெதுவான ஒன்று அந்தச் சுழற்சியை எப்படி உண்டாக்கும்?

ஆற்றுமணல்:
உண்டாக்காது. அந்தத் தாளம் பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மாற்றங்களிலிருந்து வருகிறது. டைனோசர் காலத்திலும் சாய்வு மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பூமி அப்போது ரொம்பச் சூடு. வடக்கே பெரும் பனிப்படலங்கள் இல்லை. அந்தச் சூட்டைத் தணித்ததில்தான் மலைக்குப் பங்கு.

மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகிறது, சிலிகேட் பாறையை (சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கனிமங்களாலான பாறை) அரிக்கிறது. கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல்லாகப் படிகின்றன. இப்படிக் காற்றின் கார்பன் கல்லில் அடைபடுவதால் பூமி குளிர்கிறது. சமவெளியில் பாறையைக் கனத்த மண் மூடியிருப்பதால் இது மந்தமாகவே நடக்கும். எழும் மலையிலோ நிலச்சரிவும் பனியாறும் புதுப் பாறையைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கும். பழங்காலக் காலநிலையை ஆராயும் மாரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1980களின் கடைசியில் அழுத்தமாக முன்வைத்த கருத்து இது.

பனிமூட்டம்:
இந்தியா ஆசியாவோடு மோதி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலம் மலை கூடுதலாக உறிஞ்சியிருந்தால் காற்றில் ஒன்றுமே மிஞ்சியிருக்காதே?

ஆற்றுமணல்:
கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். எரிமலைகள் வெளிவிடும் அளவைத் தாண்டிப் பாறைகள் நெடுங்காலம் உறிஞ்ச முடியாது. பூமி குளிர்ந்தால் மழை குறையும், வேதிவினையும் தளரும். உறிஞ்சுவது தானாகவே மட்டுப்படும். ஆகவே மலை மாற்றுவது மொத்த உறிஞ்சலை அல்ல, சமநிலை எந்த அளவில் நிற்கிறது என்பதை. புதுப் பாறை நிறைய இருந்தால், காற்றில் குறைந்த கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போதே அதே அளவு உறிஞ்சல் நடந்துவிடும். இதை விட்டுவிட்டு "மலை கார்பனைத் தின்றது" என்று மட்டும் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்படி அளவு இறங்கிய பிறகே சாய்வின் சின்ன மாற்றங்களுக்குப் பிடி கிடைத்தது. அண்டார்க்டிகாவில் பெரும் பனி சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

அப்புறம் ஒன்று. இமயத்தைப் பொறுத்தவரை, வங்காள விரிகுடாவின் அடியில் கார்பனைக் காற்றிலிருந்து அகற்றியதில் வண்டலோடு புதைந்த தாவரக் கார்பனின் பங்கு சிலிகேட் பாறை அரிப்பைவிடப் பெரிது என்று பிரான்ஸ்-லானோர், டெரி என்ற ஆய்வாளர்கள் 1997இல் வாதிட்டார்கள். எனக்கு அது வலுவான வாதமாகப் படுகிறது. எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு: அதே மலைகளில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குத் திரும்புகிறது.